ஆச்சியின் நாகும் ஆங்கில இலக்கணமும்

ஆங்கில இலக்கணம் என்றதும் சிலருக்குப் பிரம்பு ஞாபகம் வரும். சிலருக்குப் பரீட்சை மண்டபம் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு நாகு கன்று. செம்மை கலந்த நிறம். நெற்றியிலே வெள்ளைச் சுட்டி. வடமராட்சியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் வசித்த ஆச்சியின் கன்று அது. 1961ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே ஒருநாட் காலை அதனை ஒருவர் விலைக்கு வாங்கிக் கயிற்றோடு பிடித்துச் சென்றார். அது விற்கப்பட்டதற்குக் காரணம் 13 வயதுச் சிறுவனாகிய நான் எழுதிய ஆங்கில வாக்கியம் ஒன்றே. வாக்கியத்தில் இருந்த பிழை மிகச் சிறியது. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது, அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பவற்றைச் சொல்வது இன்று ஆங்கிலம் பயிலும் மாணவருக்குப் பயன்படும் என எண்ணுகின்றேன்.

அக்காலத்திலே நாங்கள் தமிழ் மூலமே கல்வி கற்றோம். ஆங்கிலம் ஒரு பாடமாக மாத்திரம் இருந்தது. எனினும், பிறக்கிறாசிமாரிடமிருந்தும் கந்தோர்களிலிருந்தும் கிராமத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்தன. (பிறக்கிறாசி, அப்புக்காத்து என்ற வேறுபாடு 1974ஆம் ஆண்டிலே நீங்கியது; இன்று எல்லோரும் சட்டத்தரணிகளே.) அக்கடிதங்களை வாசித்துச் சொல்வதற்கும், அவற்றுக்கு மறுமொழி எழுதுவதற்கும் எங்கள் ஒழுங்கையில் அகப்பட்டவன் நான் ஒருவனே. வகுப்பிலே ஆங்கிலத்துக்கு முதற் பரிசு பெற்றவன் என்ற பெருமை வேறு எனக்கு இருந்தது.

ஆச்சி கணவனை இழந்தவர். எழுத வாசிக்க அறியாதவர். பசு ஒன்று வாங்குவதற்காக அயற்கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் கடன் பெற்றிருந்தார். பால் விற்ற காசைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொடுத்து, கடைசியாக நின்ற 75 ரூபாவையும் 1960ஆம் ஆண்டு தை மாதத்திலே கையிற் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பற்றுச்சீட்டு எதுவும் வாங்கவில்லை. அந்தப் பெரியவர் மறு வருடம் காலமானார். அவருடைய கணக்குக் கொப்பியிலே 75 ரூபா நிலுவை இருப்பதைக் கண்ட மகன், நடந்ததை அறியாமல், பிறக்கிறாசி மூலம் கடிதம் அனுப்பினார்.

“மோனை, உந்தக் கடுதாசியிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு” என்று ஆச்சி வந்து எங்கள் திண்ணையில் இருந்தார். வாசித்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த எழுபத்தைஞ்சு ரூவாவும் நான் கட்டினது எனக்கு நல்ல ஞாபகம். இனி என்னைக் கரைச்சல்படுத்த வேண்டாமெண்டு எழுது” என்றார்.

நான் எழுதினேன். அவர் சொன்ன முதல் வாக்கியத்தை ‘ஐ றிமெம்பர் வெரி வெல் ரு பே த செவன்ரி ஃபைவ் றுப்பீஸ்’ என்று ஆங்கிலமாக்கினேன். ‘பே’ என்றால் பணம் செலுத்து. எங்கள் சொற்பட்டியலிலே ‘ரு பே’ என்பதற்கு எதிரே ‘செலுத்துதல்’ என்று அச்சிட்டிருந்தது. ஆச்சி கூறியது செலுத்தியதைப் பற்றியது. ஆகவே ‘ரு பே’ சரியென்று முடிவு செய்தேன். எழுதி முடித்ததும் கடிதத்தை ஆங்கிலத்திலேயே உரக்க வாசித்துக் காட்டினேன். ஒன்றும் விளங்காதபோதிலும் ஆச்சி பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு பெருவிரல் அடையாளம் இட்டார்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. தாங்கள் பணம் செலுத்த வேண்டியதை மறவாதிருப்பதாக எழுதியமை குறித்துக் கட்சிக்காரர் மகிழ்ச்சியடைகிறார். 14 நாட்களுக்குள் செலுத்தாவிடின் வழக்குத் தொடரப்படும் என்றிருந்தது. அவர்கள் நாங்கள் எழுதியதை ஒப்புக்கொள்ளாமற் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். ஆச்சியும் அவ்வாறே நினைத்தார். கோட்டுப் படி ஏறுவதற்கு அவர் அஞ்சினார். சாட்சியும் இல்லை, சீட்டும் இல்லை. நாகு விலைப்பட்டது. கொடுத்த கடன் மறுபடியும் கொடுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1962இலே, புதிதாக வந்த ஆங்கில உபாத்தியாயர் ‘இன்பினிற்றிவ்’ என்னும் வினைவடிவத்தைப் படிப்பித்தார். வினைச்சொல்லோடு ‘ரு’ என்னும் சிறு சொல்லைச் சேர்த்து வழங்குவதே அதன் பழக்கமான உருவம். அப்பெயருக்கு ‘எல்லைப்படாதது’ என்பது கருத்து. நான் என்றோ, நீ என்றோ, அவர்கள் என்றோ, இடமும் எண்ணும் காட்டி அது மாறுவதில்லை. நமது ‘செய்ய’, ‘போக’, ‘உண்ண’ என்னும் செயவெனெச்சங்களும் அவ்வாறே. ‘நான் போக விரும்பினேன்’, ‘அவர்கள் போக விரும்பினார்கள்’ என்னுமிடத்திலே ‘போக’ என்பது மாறாமல் நிற்கின்றதல்லவா?

உபாத்தியாயர் கரும்பலகையிலே ஒரு மனிதனை வரைந்தார். அவனுக்கு முன்னே ஓர் அம்புக்குறி. பின்னே ஓர் அம்புக்குறி. “முன்னே போகும் அம்புதான் ‘ரு’” என்றார். பழைய ஆங்கிலத்திலே இந்த வினைவடிவம் தனியே ஒரு விகுதி பெற்று நின்றது என்றும், ‘ரு’ என்பது ‘ஓரிடத்தை நோக்கி’ என்னும் பொருளுடைய சொல்லாகவே அதனோடு வந்து சேர்ந்தது என்றும் விளக்கினார். நாம் ‘கடைக்குப் போ’ என்கிறோம். ‘படிப்பதற்குப் போ’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் வருவது ஒரே ‘கு’ உருபுதான். அதுபோலவே ஆங்கிலேயரும் கடையை நோக்குவதற்கும் செயலை நோக்குவதற்கும் ஒரே ‘ரு’வை வைத்துக்கொண்டனர்.

ஆதலால், இன்னும் நடவாத செயலை நோக்கும் வினைகளின் பின்னே பெரும்பாலும் ‘ரு’ வரும். ஹோப், அதாவது நம்புதல், வொன்ற், விரும்புதல், டிசைட், தீர்மானித்தல், பிறொமிஸ், வாக்களித்தல், றிஃபியூஸ், மறுத்தல். இவற்றிலெல்லாம் செயல் முன்னே நிற்கிறது. ஒரு நோக்கத்தைக் கூறும்போதும் ‘ரு’ ஒன்றே போதும். ‘அவன் படிக்க வந்தான்’ என்பது ‘ஹீ கேம் ரு லேர்ன்’. ‘படிப்பதற்காக’ என்ற தமிழை மனத்தில் வைத்து ‘ஹீ கேம் ஃபோர் லேர்ன்’ என்று எழுதுவது நம்மவர் வழக்கமாகச் செய்யும் பிழை.

இனி, ‘இங்’ விகுதி பெற்ற வடிவம் ஒன்று உண்டு. அது செயலைப் பெயராக்கி, நடந்த பொருளாகவோ நடந்துகொண்டிருக்கும் பொருளாகவோ காட்டும். என்ஜோய், அதாவது அனுபவித்து மகிழ்தல், ஃபினிஷ், முடித்தல், டினை, செய்யவில்லையென மறுத்தல். இவற்றின் பின்னே ‘இங்’ வருமேயன்றி ‘ரு’ வராது. உள்ள ஒன்றைத்தானே அனுபவிக்கவும், முடிக்கவும், மறுத்துரைக்கவும் இயலும்?

இவ்வளவும் சொன்ன பிறகு உபாத்தியாயர், “இருவகை வடிவமும் ஏற்று, இருவேறு பொருள் தரும் வினைகள் சில உண்டு. இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்” என்றார். சுருட்டுப் பிடிப்பவன் ஒருவனை உதாரணமாகக் காட்டினார். ‘ஹீ ஸ்ரொப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் அவன் புகைத்தலை விட்டுவிட்டான். ‘ஹீ ஸ்ரொப்ட் ரு ஸ்மோக்’ என்றால் வழியிலே நின்று சுருட்டுப் பற்றவைத்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்பு அவர் ‘றிமெம்பர்’ என்னும் வினையை எழுதினார். ‘றிமெம்பர் பேயிங்’ என்றால் பணம் கொடுத்தது நினைவிருக்கிறது. ‘றிமெம்பர் ரு பே’ என்றால் கொடுக்க வேண்டுமென்பது நினைவிருக்கிறது.

அப்பொழுதும் சிலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ‘கொடுத்தது நினைவிருக்கிறது’ என்று ஆச்சி சொன்னதை, ‘கொடுக்க வேண்டியது நினைவிருக்கிறது’ என்று நான் எழுதி, அவருடைய பெருவிரலையும் அதன்கீழ் வைப்பித்திருந்தேன். பிறக்கிறாசி பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவர் சரியாகவே வாசித்தார். ‘ரு’ வடிவத்தை விட மனமில்லையாயின், ‘ரு ஹாவ் பெயிட்’ என்றாவது எழுதியிருக்கலாம். ‘ஹாவ்’ சேர்ந்தால் அம்பு பின்னே திரும்பும். அதுவும் எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் உபாத்தியாயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “முதலில் ஆச்சியிடம் போய்ச் சொல்லு. மற்றதைப் பிறகு பார்ப்போம்” என்றார்.

அன்று மாலை ஆச்சி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். படலையருகில் நின்றபடியே சொல்லிமுடித்தேன். அவருக்கு விளங்காது என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால், ஒரு வரியிலே விளங்கிக்கொண்டார்.

“கட்டினது வேறை, கட்டப்போறது வேறை. இது தெரியாத பாஷையும் ஒரு பாஷையோ?” என்று கேட்டார்.

“பாஷைக்குத் தெரியும் ஆச்சி. எனக்குத்தான் தெரியேல்லை” என்றேன்.

அவர் வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்பு, “சரி, போய்ப் படி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உபாத்தியாயர் தாமே அயற்கிராமத்துக்குச் சென்று, இறந்தவரின் மகனைக் கண்டு நடந்ததைக் கூறினார். அவர் பொல்லாதவர் அல்லர். “ஐயாவின் கொப்பியில் வரவு எழுதியிருக்கவில்லையே, நான் எதை நம்புவது?” என்று கேட்டாராம். அதற்கு மறுமொழி எவரிடமும் இருக்கவில்லை. பணம் திரும்பி வரவில்லை. நாகும் வரவில்லை. பள்ளிக்குப் போகும் வழியிலே அதனை வாங்கியவரின் வேலிக்குள் அதைப் பலமுறை கண்டேன். பின்னாளில் அது கன்று ஈன்றதையும் கண்டேன்.

அதன்பின்னரே நான் இலக்கணத்தைக் கருத்தூன்றிப் படித்தேன். ஆங்கிலத்தை மாத்திரமன்றித் தமிழையும் படித்தேன். பவணந்தி முனிவர் நன்னூலிலே வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டு கூறுகின்றார். அவற்றுள் ஐந்து இறந்த காலத்துக்கும், ஒன்று நிகழ்காலத்துக்கும், ஆறு எதிர்காலத்துக்கும் உரியன. முடிந்த செயலையும் முடியப்போகும் செயலையும் நம் முன்னோர் எத்துணைக் கவனமாகப் பிரித்து வைத்தனர்! நன்னூலின் பெயரையே அறியாத ஆச்சியின் நாவிலும் அந்தப் பிரிவு பிழையின்றி வழங்கியது. நானோ சொற்பட்டியலை நம்பி, கைவசமிருந்த அறிவைக் கைவிட்டுவிட்டேன்.

ஆயினும், தமிழ்ச் செயவெனெச்சத்தைக் கண்ட இடமெல்லாம் ‘ரு’ போடலாகாது. ‘கிணறு நிறைய மழை பெய்தது’ என்கிறோம்; ‘மழை பெய்யக் கிணறு நிறைந்தது’ என்றும் சொல்கிறோம். ‘நிறைய’ என்பது விளைவு. ‘பெய்ய’ என்பது காரணம். காரணத்தைக் கூறும் இந்த இரண்டாம் வகைக்கு ஆங்கிலத்திலே ‘ரு’ பொருந்தாது. ‘மழை பெய்தபடியால்’ என்று விரித்தே எழுதவேண்டும்.

‘ரு’ இல்லாமலே வரும் இன்பினிற்றிவ்வும் உண்டு. கான், மே, மஸ்ற், வில், ஷுட் முதலிய துணைவினைகளின் பின்னே வினை தனித்து நிற்கும். ‘மஸ்ற் கோ’ என்பதே சரி. ‘மஸ்ற் ரு கோ’ என்பது பிழை. செய்வித்தலைக் கூறும் ‘மேக்’, விடுதலைக் கூறும் ‘லெற்’ ஆகியவற்றின் பின்னும் அவ்வாறே. ஆனால், ‘மேக்’ செயப்பாட்டு வினையாக மாறினால் மறைந்த ‘ரு’ திரும்பவும் தோன்றும். ‘தே மேட் மீ கோ’ என்றால் அவர்கள் என்னைப் போகச் செய்தார்கள். அதுவே ‘ஐ வாஸ் மேட் ரு கோ’ என்று மாறும். எதிர்மறையிலே ‘நொற்’ என்பதை ‘ரு’வுக்கு முன்னே வைத்தால் என்றும் பிழையில்லை. ‘வரவேண்டாம் என்று சொன்னான்’ என்பதற்கு ‘ஹீ ரோல்ட் மீ நொற் ரு கம்’ என்று எழுதலாம்.

‘ரு’வுக்கும் வினைக்கும் இடையிலே வேறொரு சொல் புகலாகாது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். 1864ஆம் ஆண்டில் ஹென்றி அல்ஃபோர்ட் என்னும் ஆங்கில அறிஞர் அதனைக் கண்டித்து எழுதினார். 1926இலே ஃபவுலர் என்பவர் தமது புகழ்பெற்ற அகராதியில், பொருள் தெளிவுக்கு அது வேண்டுமாயின் அஞ்சவேண்டியதில்லை என்று காட்டினார். இன்றைய இலக்கண நூல்கள் அதனைப் பிழையாகக் கொள்வதில்லை. இதைப்பற்றி மாணவர் வீணே கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது அம்பு எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதைப் பற்றியே.

அந்த அம்பும் ஒரு வழிகாட்டிதான், சட்டம் அன்று. யோசனை கூறுதலைக் குறிக்கும் ‘சஜெஸ்ற்’ என்னும் வினை இனி நடக்கவிருப்பதையே பேசுகின்றது. ஆயினும் அதன்பின் ‘இங்’ வருமேயன்றி ‘ரு’ வராது. ‘லைக்’ என்னும் வினையின் பின்னே இரண்டும் வரும்; பொருளிலும் பெரும் வேறுபாடில்லை. இத்தகையவற்றை வாசித்து வாசித்தே பழகிக்கொள்ள வேண்டும்.

1969ஆம் ஆண்டிலே எனக்கு முதன்முதலாகச் சம்பளம் கிடைத்தது. அதில் 75 ரூபாவை எண்ணி எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் போனேன். அப்போது அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. காசைத் தடவிப் பார்த்து, என் கையிலே திருப்பி வைத்தார்.

“காசு எனக்கு வேண்டாம் மோனை. இனிமேல் ஆருக்கும் கடுதாசி எழுதினா, எழுதினதைத் திருப்பித் தமிழிலை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அண்டைக்கு நீ எனக்கு வாசிச்சுக் காட்டேல்லை.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஏழு ஆண்டுகளாக நான் என் இலக்கண அறியாமையை மாத்திரமே நொந்துகொண்டிருந்தேன். ஆச்சியோ அதனை ஒரு குற்றமாக எண்ணவே இல்லை. அன்று நான் அந்த வாக்கியத்தைத் தமிழிலே சொல்லியிருந்தால், ‘செலுத்துதல் ஞாபகம்’ என்று இடறியிருப்பேன். “செலுத்தினதோ, செலுத்தப்போறதோ?” என்று ஆச்சி உடனே கேட்டிருப்பார். அந்தக் கேள்வியே எனக்கு ஆசிரியனாகியிருக்கும். வாசித்துக் காட்டாததற்குக் காரணம் இலக்கணம் அறியாமை அன்று. எழுதத் தெரிந்தவன் என்ற செருக்கு.

அன்று தொடக்கம் எவருக்கு எதை எழுதினாலும் திருப்பித் தமிழிலே வாசித்துக் காட்டுவது என் வழக்கமாயிற்று. அண்மையிலே என் பேர்த்தி வேலைக்கு விண்ணப்பம் ஒன்று எழுதி, கைத்தொலைபேசியில் என்னிடம் காட்டினாள். கடைசி வரியிலே, மறுமொழியை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன் என்ற பொருளில், ‘ஐ லுக் ஃபோர்வேர்ட் ரு ஹியர் ஃப்றொம் யூ’ என்று எழுதியிருந்தாள். இங்கே ‘ரு’ வினையோடு சேர்ந்ததன்று. ‘லுக் ஃபோர்வேர்ட்’ என்பதோடு ஒட்டிநிற்கும் வேற்றுமைச் சொல். ஆகவே அதன்பின் பெயர்தான் வரவேண்டும். ‘ஹியரிங்’ என்பதே சரி. அதனைச் சொல்லிக்கொடுத்தேன்.

“தாத்தா, இது சின்னப் பிழைதானே? இதாலை ஒண்டும் நடக்காது” என்றாள்.

“நடக்காமற் போகலாம் பிள்ளை. எதுக்கும் முழுவதையும் ஒருக்காத் தமிழிலை சொல்லு, கேட்பம்” என்றேன்.

அவள் சலித்துக்கொண்டே முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மூன்றாவது வரியிலே தானே நின்று, “பொறுங்கோ தாத்தா, இது நான் சொல்ல வந்தது இல்லை” என்று சொல்லி, அந்த வரியை அழித்துப் புதிதாக எழுதினாள்.